அரிச்சல்முனையில் திரும்பும் லேசர்: இரண்டு அடுக்கு டிவிடியை முழுசாக நகலெடுப்பது

எங்கள் அக்காவின் கல்யாணம் 2010ல் உச்சிப்புளியில் நடந்தது. வீடியோ எடுத்தவர் மூன்று மணி நேரப் படத்தை ஒரே டிஸ்க்கில் போட்டுக் கொடுத்திருந்தார். பல வருடம் கழித்து அக்கா அதை ஒரு கடையில் கொடுத்து மூன்று காப்பி போட்டு வாங்கினார். ஒன்று துபாயில் இருக்கும் கொழுந்தனாருக்கு, ஒன்று அம்மாவுக்கு, ஒன்று எனக்கு.

என் பங்குக்கு வந்ததை டிவியில் போட்டுப் பார்த்தேன். பந்தல் வாசலில் அப்பா சந்தனக் கிண்ணத்தோடு நிற்கிறார். வருகிறவர்களைக் கைகூப்பி உள்ளே அனுப்பிவிட்டு கேமரா பக்கம் திரும்புகிறார். திரும்பும் அந்த நொடியில் முகம் சதுரம் சதுரமாக உடைந்துபோகிறது. அப்பா இப்போது இல்லை. அவர் நடந்து, சிரித்து, பேசுவது எங்களிடம் இந்த ஒரு டிஸ்க்கில்தான் இருக்கிறது. அசலை வாங்கிப் போட்டுப் பார்த்தேன். நெற்றிச் சுருக்கம் வரை தெளிவாக இருந்தது.

கடையில் போய்க் கேட்டபோது, "அப்படியே காப்பி எடுத்ததுதான் தம்பி, நாங்க எதையும் குறைக்கலை" என்றார்கள். அவர்கள் பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை. மென்பொருள் தானாகச் சுருக்கியது அவர்களுக்கே தெரிந்திருக்காது.

இந்த விஷயத்தில் அரைகுறைப் பேச்சு நிறைய. டூயல் லேயர், அதாவது இரண்டு அடுக்கு, என்றால் திருப்பிப் போட்டு இரண்டு பக்கமும் எழுதலாம் என்பார்கள். 8.5 ஜிபி என்று அட்டையில் அச்சிட்டுவிட்டு எட்டுக்கும் குறைவாகத் தருகிறார்கள், ஏமாற்று வேலை என்பார்கள். பிளேயரில் ஓடுகிற டிஸ்க்கை எந்த ரைட்டரிலும் காப்பி போடலாம் என்பார்கள். மூன்றும் தவறு. ஏன் தவறு என்பது புரிந்துவிட்டால், வீட்டில் இருக்கும் கல்யாண டிஸ்க்கை ஒரு துளி குறையாமல் நகலெடுக்க நமக்கே தெரிந்துவிடும்.

## சங்கின் புரி போல ஒரு தடம்

முதலில் தட்டைப் பார்ப்போம். டிவிடி 12 சென்டிமீட்டர் அகலம், 1.2 மில்லிமீட்டர் கனம். கையில் ஒரே தட்டாகத் தெரிந்தாலும் அது 0.6 மில்லிமீட்டர் கனமுள்ள இரண்டு பிளாஸ்டிக் தட்டுகளை ஒட்டிச் செய்தது. இந்த ஒட்டு விஷயம் பின்னால் தேவைப்படும், நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கீழக்கரைப் பக்கம் அறுத்த சங்கைப் பார்த்திருப்பீர்கள். நடுவில் தொடங்கும் புரி சுற்றிச் சுற்றி வெளியே வரும். டிவிடியிலும் அப்படித்தான் ஒரே ஒரு கோடு நடுவிலிருந்து விளிம்பை நோக்கிச் சுருளாகப் போகிறது. இதற்குப் பெயர் தடம். ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் இடைவெளி 0.74 மைக்ரான். ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்தால் வரும் ஒரு துண்டுதான் மைக்ரான். இவ்வளவு நெருக்கமாகச் சுற்றியிருப்பதால் அந்தச் சுருளைப் பிரித்து நீட்டினால் ஏறத்தாழ 11.8 கிலோமீட்டர் வரும். பாம்பனில் பஸ் ஏறி ராமேஸ்வரத்தில் இறங்கும் தூரத்தை ஒட்டி வருகிறது. உள்ளங்கையை விடச் சற்றுப் பெரிய ஒரு தட்டில்!

அந்தத் தடம் நெடுகிலும் நுண்ணிய குழிகள். பழைய ஓலைச்சுவடியில் எழுத்தாணியால் கீறிய பள்ளத்தை வைத்து எழுத்தைப் படிக்கிறோம் இல்லையா, இங்கே அந்தக் கண்ணின் வேலையை லேசர் செய்கிறது. லேசர் என்பது சிதறாமல் ஒரே நிறத்தில் வரும் ஒளிக்கற்றை. டிவிடிக்குச் சிவப்பு நிறம், 650 நானோமீட்டர் அலைநீளம். ஒளி தடத்தில் பட்டுத் திரும்பி வரும். குழி தொடங்கும் இடத்திலும் முடியும் இடத்திலும் திரும்பி வரும் ஒளியின் அளவு மாறும். மாறும் இடத்தை 1 என்றும் மாறாமல் போகும் நீளத்தை 0 என்றும் கருவி எண்ணிக்கொள்கிறது. அப்பாவின் முகம், நாதஸ்வரச் சத்தம், மெனுவில் ஓடும் ரோஜாப்பூ எல்லாமே கடைசியில் இந்த 1, 0 வரிசைதான்.

## இரண்டு அடுக்கு என்றால் என்ன

காற்றில்லாத காலையில் மண்டபம் வடகடல் பக்கம் வள்ளத்திலிருந்து குனிந்து பாருங்கள். தண்ணீருக்குள் மிதக்கும் பாசி தெரியும். அதற்கும் கீழே தரைமணலும் தெரியும். இரண்டும் ஒரே நேரத்தில் கூர்மையாகத் தெரியாது. பாசியில் கண்ணை நிறுத்தினால் மணல் மங்கும். மணலில் கண்ணை நிறுத்தினால் பாசி மங்கும். நாம் நகரவே இல்லை. பார்வை எந்த ஆழத்தில் நிற்கிறது என்பது மட்டும் மாறுகிறது.

இரண்டு அடுக்கு டிவிடி வேலை செய்வது இப்படித்தான். ஒட்டிய அந்த இரண்டு தட்டுகளுக்கு நடுவே இரண்டு தகவல் பரப்புகள் இருக்கின்றன. லேசருக்குப் பக்கத்தில் இருப்பது முதல் அடுக்கு. அது பாதி கண்ணாடி மாதிரி. கொஞ்சம் ஒளியைத் திருப்பி அனுப்பும், மீதியை உள்ளே விடும். அதற்குப் பின்னால் இருப்பது இரண்டாம் அடுக்கு. இரண்டுக்கும் நடுவில் ஏறத்தாழ 55 மைக்ரான் இடைவெளி, அதாவது சாதாரணத் தலைமுடியின் கனத்தை விடக் குறைவு. லேசரின் வில்லை சற்றே மேலும் கீழும் அசைந்து, ஒளி எந்த அடுக்கில் குவிய வேண்டுமோ அங்கே குவிக்கிறது. இன்னொரு அடுக்கு அப்போது வெறும் மங்கல்தான்.

ஆகவே திருப்பிப் போடும் பேச்சே கிடையாது. இரண்டு அடுக்கும் ஒரே பக்கத்திலிருந்துதான் படிக்கப்படுகின்றன. திருப்பிப் போட வேண்டிய டிஸ்க் உண்டு, ஆனால் அது இருபக்க டிவிடி என்ற வேறு ஜாதி. அதில் படம் போட்ட மேல்பக்கமே இருக்காது, இரண்டு பக்கமும் பளபளவென்று இருக்கும்.

சரி, இரண்டு அடுக்கு என்றால் ஓர் அடுக்கு டிஸ்க்கில் கொள்ளும் 4.7 ஜிபியின் இரட்டிப்பு, 9.4 வர வேண்டாமா? ஏன் 8.5? ஓர் அடுக்கைத் தாண்டி ஓர் அடுக்கைப் படிக்கும்போது திரும்பி வரும் ஒளி பலவீனமாகிவிடுகிறது. ஓர் அடுக்கு டிஸ்க்கில் பாதிக்கு மேல்கூட ஒளி திரும்பி வரலாம். இரண்டு அடுக்கில் ஒவ்வோர் அடுக்கிலிருந்தும் 18 முதல் 30 சதவீதம்தான் வரும். மங்கிய வெளிச்சத்தில் பொடி எழுத்தைப் படிக்கச் சிரமம் என்பதால் எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக்கிவிட்டார்கள். மிகச் சிறிய குழியின் நீளம் 0.40 மைக்ரானிலிருந்து 0.44 ஆனது. எழுத்து பெரிதானால் பக்கத்துக்குக் கொள்ளும் வரி குறையும். அடுக்குக்கு 4.27 ஜிபி, இரண்டுக்கும் சேர்த்து 8.5.

## ஊருக்கு ஊர் வேறு படி

டிஸ்க் உறையில் 4.7 என்று இருக்கும், கம்ப்யூட்டரில் போட்டால் 4.38 காட்டும். இரண்டு அடுக்கு டிஸ்க்கில் 8.5 என்று இருக்கும், கம்ப்யூட்டர் 7.96 என்று சொல்லும். இங்கே யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. முன்பெல்லாம் ஊருக்கு ஊர் படியின் அளவு வேறாக இருந்ததே, அதுபோலத்தான். அதே அரிசி, அளக்கிற படி வேறு.

டிஸ்க் செய்பவர்களுக்கு 1 ஜிபி என்றால் 100 கோடி பைட். விண்டோஸ் கம்ப்யூட்டருக்கு 1 ஜிபி என்றால் 107 கோடியே 37 லட்சத்துச் சொச்சம். பைட் என்பது தகவலை அளக்கும் சிறு அலகு, எட்டு 1, 0 சேர்ந்தது. பெரிய படியால் அளந்தால் எண்ணிக்கை குறைவாகத்தானே வரும்? உங்கள் கல்யாணப் படம் கம்ப்யூட்டரில் 7.5 ஜிபி என்று காட்டினால் பயப்பட வேண்டாம், 8.5 டிஸ்க்கில் தாராளமாக அடங்கும். 4.5 என்று காட்டினால்தான் கவனம் தேவை. 4.7 என்று எழுதிய டிஸ்க்கில் அது அடங்காது.

இதுவரை பார்த்ததைக் கையில் பிடித்துக்கொள்வோம். தட்டில் சுருளாக ஒரு தடம், தடத்தில் குழிகள். இரண்டு அடுக்கு டிஸ்க்கில் அப்படி இரண்டு தடம், ஒன்றுக்குப் பின்னால் ஒன்று. படிப்பது ஒரே பக்கத்திலிருந்து, கொள்ளளவு 8.5 ஜிபி. இனிமேல்தான் விஷயத்தின் ருசியான பகுதி வருகிறது.

## அரிச்சல்முனையில் திரும்புவது

தனுஷ்கோடி தாண்டிப் போனால் அரிச்சல்முனையோடு ரோடு முடிந்துவிடும். அப்புறம் கடல்தான். போன வண்டி அங்கே வட்டமடித்துத் திரும்பி வந்தாக வேண்டும்.

இரண்டு அடுக்கு டிவிடியின் பயணமும் இதேதான். லேசர் முதல் அடுக்கில் நடுவிலிருந்து விளிம்பை நோக்கிப் படித்துக்கொண்டே போகிறது. அடுக்கு முடிந்ததும் குவியத்தை ஆழத்துக்கு மாற்றி, நின்ற இடத்திலிருந்தே இரண்டாம் அடுக்கில் நடுவை நோக்கித் திரும்பி வருகிறது. விளிம்பிலிருந்து ஓடிப்போய் மறுபடி நடுவில் தொடங்க வேண்டியதில்லை. வண்டி காலியாக ராமேஸ்வரம் வந்து மறுபடி புறப்படுவதற்கும், திரும்பும் வழியிலேயே ஆள் ஏற்றி வருவதற்கும் உள்ள வித்தியாசம் இது. திரும்பும் அந்த இடத்துக்கு அடுக்கு மாறும் இடம் என்று பெயர், ஆங்கிலத்தில் லேயர் பிரேக் என்பார்கள்.

வாடகை டிஸ்க்கில் படம் பார்த்த காலத்தில், நடுவில் ஓரிடத்தில் காட்சி அரை நொடி உறைந்து நின்று மறுபடி ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். கீறல் விழுந்துவிட்டது என்று பனியன் துணியால் துடைத்தவர்களில் நானும் ஒருவன். துடைத்தாலும் அதே இடத்தில் நிற்கும். லேசர் திரும்புகிறது, அவ்வளவுதான். நல்ல பிளேயர்கள் முன்கூட்டியே கொஞ்சம் படித்துச் சேமித்து வைத்து அந்த இடைவெளியை மறைத்துவிடும்.

இந்தத் திருப்பத்துக்கு ஒரு கண்டிப்பான விதி உண்டு. திரும்பி வரும் தூரம் போன தூரத்தை விட அதிகமாக இருக்க முடியாது. அதாவது இரண்டாம் அடுக்கில் இருப்பது முதல் அடுக்கில் இருப்பதை விடக் கூடக் கூடாது. முதல் அடுக்கிலோ 4.27 ஜிபிக்கு மேல் கொள்ளாது.

எங்கள் அக்கா கல்யாணப் படத்தை வைத்தே கணக்குப் போடலாம். நொடிக்கு சராசரியாக 6 மெகாபிட் (ஒரு மெகாபிட் என்பது பத்து லட்சம் 1, 0), மூன்று மணி நேரம், மொத்தம் 8.1 ஜிபி. அதில் பாதி 4.05. ஆக, திருப்பம் 4.05க்கும் 4.27க்கும் நடுவில் எங்காவது வர வேண்டும். நேரத்தில் சொன்னால் 90வது நிமிடத்துக்கும் 95வது நிமிடத்துக்கும் இடையே. மூன்று மணி நேரத்தில் வெறும் ஐந்து நிமிட ஜன்னல்! அதோடு, வீடியோ டிவிடியில் எந்த இடத்தில் வேண்டுமானாலும் திருப்பிவிட முடியாது. படம் உள்ளுக்குள் சிறு சிறு துண்டங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கும். ஒரு துண்டம் முடிந்து அடுத்தது தொடங்கும் எல்லையில்தான் திருப்பம் விழ வேண்டும். எங்கள் டிஸ்க்கை உருவாக்கியவர் அந்த ஐந்து நிமிடத்துக்குள் பந்தி பரிமாறும் காட்சியில் ஓர் எல்லை போட்டு, அங்கே திருப்பியிருக்கிறார். இலையில் அப்பளம் வைக்கும் கை ஒரு கணம் நிற்கும், பிறகு சாம்பார் வாளி வரும். கெட்டிமேளத்தின் நடுவே விழாதபடி பார்த்துச் செய்த அந்த மனிதருக்கு எங்கள் குடும்பம் கடன்பட்டிருக்கிறது.

## கருப்பட்டியும் சூடும்

பிளேயரில் ஓடுகிற டிஸ்க்கை எந்த ரைட்டரிலும் எழுதலாமா என்ற கேள்விக்கு வருவோம். இதற்கு, டிஸ்க் இரண்டு விதமாகப் பிறக்கிறது என்பது தெரிய வேண்டும்.

கடையில் விற்கும் சினிமா டிஸ்க் தொழிற்சாலையில் அச்சில் வார்த்தது. நம் பக்கம் காய்ச்சிய பதநீரைச் சிரட்டையில் ஊற்றினால் கருப்பட்டி சிரட்டையின் வடிவத்திலேயே இறுகி வருகிறது. அதுபோல உருகிய பிளாஸ்டிக்கை அச்சில் செலுத்தினால் கோடிக்கணக்கான குழிகளும் ஒரே அடியில் பதிந்துவிடும். அப்புறம் உலோகப் பூச்சு. அங்கே எழுதுவது என்ற வேலையே இல்லை, வார்ப்பதுதான்.

நாம் வீட்டில் எழுதும் காலி டிஸ்க் வேறு மாதிரி. அதில் குழி கிடையாது. தடத்துக்கான காடி, அதாவது பள்ளக் கோடு, மட்டும் உண்டு, அதன் மேல் ஒரு சாயப் படலம். ரைட்டரின் லேசர் அதிக சக்தியோடு சாயத்தைப் புள்ளி புள்ளியாகச் சுடுகிறது. சுட்ட இடம் ஒளியைக் குறைவாகத் திருப்பும், சுடாத இடம் அதிகமாகத் திருப்பும். படிக்கும் கருவிக்குச் சுட்ட புள்ளி குழி மாதிரியே தெரியும்.

இரண்டு அடுக்கில் எழுதும்போது லேசர் முதல் அடுக்கின் சாயத்தைக் கடந்து போய் இரண்டாம் அடுக்கைச் சுட வேண்டும். முதல் அடுக்கு கருகாதா என்று எனக்கும் சந்தேகம் இருந்தது. சின்ன வயதில் பூதக்கண்ணாடியால் வெயிலில் காகிதத்தைச் சுட்டிருப்போம். ஒளி ஒரு புள்ளியில் குவியும் தூரத்தில்தான் காகிதம் புகையும். கொஞ்சம் மேலே கொண்டுபோனால் சூடு பரவி ஒன்றும் ஆகாது. முதல் அடுக்கைக் கடக்கும்போது ஒளி பரவலாக இருக்கிறது, இரண்டாம் அடுக்கில்தான் குவிகிறது. ஆனால் வழியில் ஒளி குறைந்துவிடுவதால் அதிக சக்தியும், எழுதும்போது இரண்டு அடுக்கையும் பிரித்தறியும் திறமையும் வேண்டும். அதனால்தான் பழைய ரைட்டர்கள் இரண்டு அடுக்கு டிஸ்க்கைப் படிக்கும், எழுதத் தெரியாது. எழுதத் தெரிந்தவை 2004ல்தான் கடைக்கு வரத் தொடங்கின. ரைட்டரின் முகப்பில் இரண்டு அடுக்கைக் குறிக்கும் டிஎல் என்ற எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். லேப்டாப்பில் இருந்தாலும் சரி, வெளியே கேபிளில் மாட்டுவதாக இருந்தாலும் சரி, அந்த எழுத்து இருந்தால் இரண்டு அடுக்கில் எழுதும்.

முதலில் வந்தவை 2.4 மடங்கு வேகத்தில் எழுதின. 1 மடங்கு வேகம் என்றால் நொடிக்கு 1.385 மெகாபைட். 2.4 மடங்கில் ஒரு டிஸ்க் முழுக்க எழுத 43 நிமிடம் ஆகும். பின்னால் வந்தவை இன்னும் வேகமாக எழுதுகின்றன. அவசரமில்லாத வேலைக்கு நான் 2.4 அல்லது 4ல்தான் எழுதுகிறேன். அதற்கு மேல் போனபோது டிஸ்க் வீணானது எனக்கு நடந்திருக்கிறது.

காலி டிஸ்க்கிலும் பிளஸ் ஆர் டிஎல், மைனஸ் ஆர் டிஎல் என்று இரண்டு வகை. வீட்டுப் பிளேயரில் ஓட வேண்டுமென்றால் பிளஸ் வகையை வாங்குங்கள். காரணம் இதுதான். ஒவ்வொரு டிஸ்க்கின் தொடக்கத்திலும் தான் என்ன வகை என்று சொல்லும் ஒரு குறிப்பு இருக்கும். இதற்கு புக் டைப் என்று பெயர். பழைய பிளேயர்களுக்கு இந்தப் புது வகையின் பெயரே தெரியாது, பார்த்ததும் டிஸ்க்கை வெளியே தள்ளிவிடும். பிளஸ் வகையில் அந்தக் குறிப்பை, வார்த்த டிஸ்க் என்று பொருள்படும் டிவிடி ரோம் என மாற்றி எழுத முடியும். நிறைய ரைட்டர்கள் இதைத் தாமாகவே செய்துவிடும்.

## அப்பாவின் முகம் ஏன் உடைந்தது

கடையில் நடந்தது இதுதான். அவர்களிடம் இருந்தது 4.7 ஜிபி காலி டிஸ்க். படமோ 8.1 ஜிபி. மென்பொருள் முன்னால் இரண்டே வழி. முடியாது என்று சொல்வது அல்லது சுருக்குவது. சில மென்பொருள்கள் கேட்காமலேயே சுருக்கிவிடும்.

சுருக்குவது என்றால் என்ன? டிவிடி வீடியோ எம்பெக் 2 என்ற முறையில் பதிவாகிறது. ஒவ்வொரு பிரேமையும், அதாவது ஓடும் படத்தின் ஒவ்வொரு தனிப் படத்தையும், சிறு சதுரங்களாகப் பிரித்து, முந்தைய பிரேமிலிருந்து எது மாறியதோ அதை மட்டும் குறித்துக்கொள்ளும் முறை. பின்னால் இருக்கும் பந்தல் துணி அசையவில்லை என்றால் அதைப் பற்றி அதிகம் எழுத வேண்டாம். ஆள் திரும்பினால், அலை அடித்தால், பட்டுச்சேலை மின்னினால் நிறைய எழுத வேண்டும். 8.1 ஜிபியை 4.7க்குள் அடைக்க ஒவ்வொரு நொடிக்கும் இருந்த தகவலில் பாதியை ஒட்டி எறிய வேண்டியிருக்கிறது. அசையாத காட்சியில் அது தெரியாது. அசைவு அதிகமான இடத்தில் சதுரத்துக்குள் இருந்த நுணுக்கம் போய், சதுரத்தின் விளிம்பே வெளியில் தெரிய ஆரம்பிக்கும். அதனால்தான் பந்தல் தெளிவாக இருந்தது, திரும்பிய முகம் உடைந்தது. பாம்பன் பாலத்தில் மணமக்களை நிறுத்தி எடுத்த காட்சியில் பின்னால் இருந்த கடல் முழுக்கச் சதுரக் கட்டம்தான்.

எறிந்ததைத் திரும்பக் கொண்டுவர முடியாது. சுருக்கிய காப்பியிலிருந்து இன்னொரு காப்பி எடுத்தாலும் கட்டம் கட்டமாகத்தான் வரும். அசல் கையில் இருக்கும்போதே முழு நகல் எடுத்துவிட வேண்டும் என்று நான் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பது இதனால்தான்.

சுருக்கமாகச் சொன்னால், 8.5 ஜிபி டிஸ்க்கிலிருந்து 8.5 ஜிபி டிஸ்க்குக்குப் போனால் ஒவ்வொரு 1ம் 0ம் அப்படியே போகும். நகலுக்கும் அசலுக்கும் படத்தில் மயிரிழை வித்தியாசம் இருக்காது. 4.7ல் அடைத்தால் எதையோ இழந்துதான் ஆக வேண்டும்.

## செய்யும் முறை

அசல் டிஸ்க்கை மெல்லிய பருத்தித் துணியால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கித் துடையுங்கள். வட்டமாகத் துடைக்காதீர்கள். தடத்தின் வாக்கில் விழும் கீறல், குறுக்கே விழும் கீறலை விட மோசமானது.

பிறகு டிஸ்க்கை நேராக இன்னொரு டிஸ்க்குக்கு அனுப்பாமல், முதலில் கம்ப்யூட்டரில் ஒரே கோப்பாக எடுத்துக்கொள்ளுங்கள். இதை ஐஎஸ்ஓ கோப்பு என்பார்கள். டிஸ்க்கில் இருக்கும் எல்லாவற்றையும் அதே வரிசையில் அச்சு அசலாகப் பிடித்து வைத்த பிம்பம் அது. இலவசமாகக் கிடைக்கும் இம்க்பர்ன் போன்ற மென்பொருள் இதைச் செய்யும். கோப்போடு சேர்த்து, அசலில் திருப்பம் எங்கே இருந்தது என்பதையும் தனிக் குறிப்பாக எழுதி வைத்துக்கொள்ளும். ஹார்ட் டிஸ்க்கில் குறைந்தது 9 ஜிபி இடம் காலியாக இருக்க வேண்டும்.

சிலர் டிஸ்க்கைத் திறந்து வீடியோ டிஎஸ் என்ற போல்டரை மட்டும் இழுத்து மற்ற கோப்புகளைப் போலப் புது டிஸ்க்கில் போட்டு எழுதுவார்கள். கம்ப்யூட்டரில் ஓடும், வீட்டுப் பிளேயரில் ஓடாமல் போகலாம். அந்த போல்டருக்குள் படம் மட்டும் இல்லை, எந்தத் துண்டம் டிஸ்க்கில் எந்த இடத்தில் இருக்கிறது என்று சொல்லும் வரைபடக் கோப்புகளும் இருக்கின்றன. பொருட்களை வரிசை மாற்றி அடுக்கிவிட்டுப் பழைய வரைபடத்தைக் கொடுத்தால் பிளேயர் வழி தவறிப்போகும்.

கோப்பு கைக்கு வந்ததும் அதன் அளவைப் பாருங்கள். கம்ப்யூட்டர் 4.37க்கு மேல் காட்டினால் இரண்டு அடுக்கு டிஸ்க் வேண்டும். அதற்குக் கீழே என்றால் சாதாரண டிஸ்க்கே போதும், வீணாகச் செலவு செய்ய வேண்டாம். எழுதும்போது வேகத்தை 2.4 அல்லது 4ல் வையுங்கள். கரண்ட் போகிற நேரத்தில் தொடங்காதீர்கள். ஒரு முறை எழுதும் டிஸ்க்கில் பாதியில் நின்றால் டிஸ்க் போச்சு. எழுதி முடித்த பிறகு சரிபார் என்ற கட்டளையை மட்டும் தவிர்க்காதீர்கள். எழுதியதை மறுபடி படித்துக் கோப்போடு ஒவ்வொரு பைட்டாக ஒப்பிடும் வேலை அது. கூடுதலாகக் கொஞ்ச நேரம் பிடிக்கும், பரவாயில்லை.

கடைசியில் வீட்டுப் பிளேயரில் போட்டு மூன்று இடங்களைப் பாருங்கள். தொடக்கம், திருப்பத்துக்கு முன்னும் பின்னும் ஒரு நிமிடம், முடிவு. நான் பார்த்தவரை பிரச்சினை வந்தால் பெரும்பாலும் திருப்பத்தில்தான் வருகிறது.

## பூட்டிய டிஸ்க்

இவ்வளவும் நம் சொந்த டிஸ்க்குகளுக்கு. கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா, பள்ளி ஆண்டு விழா. கடையில் வாங்கிய சினிமா டிஸ்க் பெரும்பாலும் பூட்டியிருக்கும். படத்தைக் குலைத்து எழுதி, அதை நேராக்கும் சாவியை டிஸ்க்கின் தொடக்கத்தில் ஒரு தனி இடத்தில் வைத்திருப்பார்கள். நாம் வாங்கும் காலி டிஸ்க்கில் அந்த இடத்தில் நம்மால் எழுத முடியாதபடி செய்துவிட்டார்கள். ஆகவே பைட் பைட்டாக நகலெடுத்தாலும் சாவி வராது, படம் ஓடாது. சினிமா டிஸ்க்கைக் காப்பி போட்டேன், ஓடவில்லை, ரைட்டர் சரியில்லை என்று சொல்பவர்களின் கதை பெரும்பாலும் இதுதான். உரிமையை மீறும் நோக்கத்தோடு பூட்டை உடைப்பது குற்றம். 1957ம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தில் 2012ல் சேர்த்த 65ஏ பிரிவு இதற்கு இரண்டு வருடம் வரை சிறையும் அபராதமும் சொல்கிறது. அந்தப் பக்கம் போக வேண்டாம்.

## உப்புக்காற்றில் ஒரு டிஸ்க்

நம் கரையில் இரும்பு ஜன்னல் கம்பியே சில வருடத்தில் செதில் செதிலாக உதிர்கிறது. டிஸ்க்கின் உள்ளே இருப்பதும் மெல்லிய உலோகப் பூச்சுதான். எழுதும் டிஸ்க்கில் சாயமும் சேர்கிறது. ஈரமும் சூடும் வெயிலும் இந்த இரண்டுக்கும் ஆகாது. கடல் பக்கம் திறக்கும் ஜன்னலருகே, டிவி மேல், ஷோகேஸில் வெயில் படும் இடத்தில் வைக்காதீர்கள். அதற்குரிய பெட்டியில் போட்டு, புத்தகம் போல நிமிர்த்தி, பீரோவுக்குள் வையுங்கள். மேலே பேப்பர் ஸ்டிக்கர் ஒட்டாதீர்கள். சுற்றும்போது ஒரு பக்கம் கனத்துத் தட்டு ஆடும். பெயர் எழுதுவதென்றால் டிஸ்க்குக்கென்று விற்கும் பேனாவால் நடு வளையத்தில் எழுதுங்கள். ஐஎஸ்ஓ கோப்பையும் அழிக்காமல் ஒரு ஹார்ட் டிஸ்க்கில் போட்டு வேறொரு வீட்டில் வைத்துவிடுங்கள்.

அக்காவின் டிஸ்க்குக்கு நான் மூன்று காப்பி எடுத்தேன், 2.4 வேகத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க. முதல் காப்பியை அம்மா வீட்டில் போட்டோம். சந்தனக் கிண்ணத்தோடு அப்பா திரும்பினார். அம்மா ரிமோட்டை வாங்கிப் பின்னால் ஓட்டி, அந்த இடத்தையே இன்னொரு தடவை பார்த்தார். ஒன்றரை மணி நேரம் கழித்துப் பந்தியில் அப்பளம் வைக்கும் கை ஒரு கணம் நின்றது. "கீறல் விழுந்திருச்சாடா?" என்று கேட்டார். "இல்லம்மா, அங்கதான் திரும்புது" என்றேன்.